நகர்த்தும் தடுப்புள்ள மடக்குக் கம்பிக் கூண்டு: நாய்க்குட்டிக்கு வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். வளர்ந்த நாயின் அளவுக்கு ஒரே முறை வாங்கிவிட்டு, குட்டி வளர வளர உள்தடுப்பைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போகலாம். தடுப்பில்லாத பெரிய கூண்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தடுப்பை எங்கே மாட்டுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். குட்டி நிமிர்ந்து நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடமிருந்தால் போதும். அதற்கு மேல் விட்டால் ஒரு மூலையில் சிறுநீர் கழித்துவிட்டு மறுமூலையில் தூங்கும். படுக்குமிடத்தை அசுத்தமாக்காத இயல்புதான் வெளியே போய்ச் சிறுநீர் கழிக்கப் பழக்கும் கூண்டுப் பயிற்சிக்கு அடிப்படை. இடம் கூடினால் அது வேலை செய்யாது.

குறை என்றால் அடித்தட்டுதான். மெல்லிய பிளாஸ்டிக், பல் முளைக்கும் குட்டி விளிம்பைக் கடித்துவிடும். தட்டு கடகடவென ஆடினால் குட்டி மிரளும். அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள். கழுத்துப்பட்டையைக் கட்டாயம் கழற்றிவிட்டே உள்ளே விடுங்கள், கம்பியில் மாட்டினால் உயிருக்கே ஆபத்து.

கூண்டு வந்ததும் குட்டியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். சில நாள் திறந்தே வைத்து உணவை உள்ளே கொடுங்கள். பிறகு சாப்பிடும்போது மட்டும் சாத்தி, சாப்பிட்டதும் திறங்கள். 2 மாதக் குட்டியைப் பகலில் 2 மணி நேரத்துக்கு மேல் அடைக்கக் கூடாது. இரவிலும் ஓரிரு முறை வெளியே கொண்டுபோக வேண்டும். தண்டனையாக அடைத்தால் பிறகு அந்தப் பக்கமே வராது. தட்டு நனைந்தால் என்சைம் கிளீனரால் (சிறுநீரைச் சிதைத்து வாடையைப் போக்கும் நொதி கலந்த திரவம்) துடையுங்கள். அம்மோனியா கலந்த கிளீனர் சிறுநீர் வாடையையே தரும்.