சாஃப்ட்னர் விற்க வருகிறவர்கள் காட்டும் பழுப்புத் தண்ணீர்: கடைமடைப் பக்கத்தவர்கள் கவனத்துக்கு

கிணற்றுத் தண்ணீர் சவராக இருக்கிறது, துணி வெளுக்க மாட்டேன் என்கிறது, செடி கருகுகிறது என்று ஒரு வீட்டில் பேச்சு எழுந்தால் போதும். எப்படித்தான் இவர்கள் காதுக்கு எட்டுகிறதோ, தோளில் பையோடு ஆள் வந்து நிற்கிறார். எங்கள் ஊர் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகளில், தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் வாட்டர் சாஃப்ட்னர் என்ற மெஷினைத் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் 68,000 ரூபாய். வழக்கு நடப்பதால் கம்பெனி பேரை எழுதவில்லை. பேர் தெரிந்து பெரிய பயனும் இல்லை, இதே வித்தையை வேறு வேறு பேரில் பல பேர் செய்கிறார்கள். வித்தை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எங்களுடையது பழைய உறைக்கிணறு, ஆழம் இருபத்தைந்து அடி. மாமனார் காலத்தில் குடித்த தண்ணீர். இப்போது குடிக்கக் கொள்ளிடத்துக் குழாய்த் தண்ணீர் வருகிறது. குளிக்க, துவைக்க, தோட்டத்துக்கு மட்டும் கிணறு. 2018இல் கஜா புயல் கொல்லைத் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, வெறிச்சோடிக் கிடந்த இடத்தில் மாமியார் கத்தரி, வெண்டை, அவரைப் பந்தல், மல்லி, கறிவேப்பிலை என்று வைத்து ஆளாக்கினார். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிணறு நன்றாக இருக்கும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் எட்டிப் பார்த்தாலும் தேறிவிடும். சித்திரை, வைகாசியில்தான் தொல்லை. சோப்பு நுரைக்காது, பக்கெட்டில் வெள்ளையாகப் படியும், கறிவேப்பிலை நுனி கருகும்.

அப்படி ஒரு வைகாசியில்தான் அந்தத் தம்பி வந்தார். நல்ல பேச்சு. இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டார். ஒன்றில் எங்கள் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த பாட்டில் தண்ணீர். பையிலிருந்து நாலு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை எடுத்து, இரண்டு கம்பி இந்த டம்ளரில், இரண்டு கம்பி அந்த டம்ளரில் இருக்கும்படி வைத்து பிளக்கைச் செருகினார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. எங்கள் தண்ணீர் முதலில் மஞ்சளாகி, அப்புறம் பழுப்பாகி, மேலே அழுக்கு நுரை கட்டி, கடைசியில் சாக்கடை மாதிரி கறுப்பும் பச்சையுமாகத் திரண்டு நின்றது. அவர் பாட்டில் தண்ணீர் பளிச்சென்று அப்படியே இருந்தது.

"அக்கா, இதைத்தான் பிள்ளைங்களுக்குத் தலைக்கு ஊத்தறீங்க. செடி மட்டும் எப்படிப் பிழைக்கும், சொல்லுங்க."

அந்த டம்ளரைப் பார்த்தபின் யாருக்கும் வயிற்றைப் புரட்டும். ஆனால் அந்தப் பழுப்பு நம் தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. கருவியில் இருக்கும் இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. தண்ணீரில் உப்புச்சத்து இருந்தால் மின்சாரம் பாயும், இரும்பு கரையும், நிறம் மாறும். பாட்டிலில் இருப்பது ஆர்ஓ தண்ணீர். உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, நிறமும் சட்டென்று மாறாது. இளநீரை ஊற்றி வைத்தாலும் இதே பழுப்புதான் வரும்.

அடுத்து இரண்டாவது சோதனை. சின்னக் குப்பியிலிருந்து சொட்டு விட்டதும் கிணற்றுத் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறியது. கையோடு கொண்டுவந்திருந்த குட்டி மெஷினில் வடித்த தண்ணீரில் விட்டபோது நீலமாக இருந்தது. "உப்பு போயிடுச்சு பாருங்க" என்றார். இந்தச் சோதனை பொய்யில்லை, சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. இது காட்டுவது கடினத்தன்மையை மட்டும், அதாவது கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு இருக்கின்றன என்பதை. மொத்த உப்பைக் காட்டாது. மொத்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் பேனா அளவுதான் இருக்கும், அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. கிணற்றுத் தண்ணீரில் வைத்து 1,480 என்று காட்டிப் பயமுறுத்தினாரே தவிர, வடித்த தண்ணீரில் அதை வைக்கவே இல்லை.

சாஃப்ட்னர் உப்பை எடுக்கிற சாதனமே இல்லை. உள்ளே இருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தைத் தண்ணீரில் விடும். பஸ்ஸில் ஒரு பெரியவரை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் இரண்டு பிள்ளைகளை உட்காரவைப்பது போல, ஒரு கால்சியத்துக்கு இரண்டு சோடியம். கூட்டம் குறைவதே இல்லை. ரெசினில் சோடியம் தீர்ந்ததும் உப்புக் கரைசல் ஊற்றி மறுபடி ஏற்ற வேண்டும். சோப்பு நுரைக்க, ஹீட்டரில் படியாமல் இருக்க, அதற்கு இது நல்ல சாதனம்தான், குறை சொல்ல மாட்டேன். சவர்த் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும், அதைச் செடிக்கும் விடலாம் என்று சொல்லி விற்றதுதான் மோசடி.

அவர்கள் ஆள் வந்து மோட்டாருக்கும் மேல்தொட்டிக்கும் நடுவில் அதை மாட்டினார். தோட்டத்துக் குழாய் தொட்டியிலிருந்து போகிறது. "தோட்டத்துக்குத் தனி லைன் வேண்டாமா?" என்று அப்போதே கேட்டேன். "எதுக்குக்கா, செடிக்கும் நல்லதுதானே" என்று சிரித்தார். மெஷினைத் தவிர்த்துத் தண்ணீரை விடுகிற பைபாஸ் வால்வும் வைக்கவில்லை. மெஷின் கழுவி விடுகிற உப்புத் தண்ணீருக்கான குழாயை, சமையலறைத் தண்ணீர் போகும் வாய்க்காலில் சேர்த்துவிட்டார். எங்கள் பக்கத்து வீடுகளில் அந்த வாய்க்கால் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை, நேராக வாழைக்கு.

மாசத்துக்கு ஒரு மூட்டை உப்பு போதும் என்றார்கள். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் சேர்த்து ஓட, இரண்டு நாளைக்கு ஒருமுறை மூன்று கிலோவுக்கு மேல் கேட்டது. வேதாரண்யத்து உப்பளம் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊரில் உப்பு வாங்கியே கை ஓய்ந்தது. மாமியார் ஒருநாள் நான் உப்பைக் கொட்டுவதைப் பார்த்துவிட்டு, "சவுத்துத் தண்ணியில உப்பு அள்ளிப் போடறதுக்கு ஒரு மெஷினா?" என்றார். எங்கள் வீட்டில் இந்த விஷயத்தைச் சரியாகப் பிடித்த முதல் ஆள் அவர்தான்.

முதலில் போனது வாழை. அடி இலை ஓரமெல்லாம் தீய்ந்து, குலை தள்ளிய மரமே நிமிர முடியாமல் போனது. அப்புறம் அவரை, பிறகு மல்லி. முற்றின இலையின் நுனியிலும் ஓரத்திலும் கருகல் தொடங்கி உள்ளே ஏறினால் அது பெரும்பாலும் உப்பின் வேலை. அதைவிட மோசம் மண். எங்கள் கொல்லை களிப்பு மண். சோடியம் ஏறினால் களிமண் துகள்கள் பிரிந்து, துவாரங்களை அடைத்துக்கொள்ளும். ஈரத்தில் பசை, காய்ந்தால் ஓடு. கத்தரிப் பாத்தியில் காலையில் விட்ட தண்ணீர் மத்தியானம் வரை இறங்காமல் நிற்கும். மண்வெட்டியால் கொத்தினால் தட்டுத் தட்டாகப் பெயரும். கீழே பார்த்தால் ஒரு விரற்கடைக்கு அப்பால் மண் பொடியாக உலர்ந்து கிடக்கும். தண்ணீர் நின்ற பாத்தியில் செடி தாகத்தில் வாடியது.

போன் செய்தால் "ஆள் வருவார்" என்பார்கள், வர மாட்டார். கடைசியில் சர்வீஸ்காரர் ஒருவர் வந்த அன்று, நாத்தனார் மகள் வீட்டில் இருந்தாள். வேதியியல் படிக்கிறவள். அவர் பையில் அதே கம்பிக் கருவி இருந்ததைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இப்ப மெஷின்ல வர்ற தண்ணியில வச்சுக் காட்டுங்களேன்" என்றாள். அவர் தயங்கினார், இவள் விடவில்லை. வைத்தார். அதே பழுப்பு, அதே நுரை. "வோல்டேஜ் ஏறி இறங்குதும்மா" என்றார். "அப்ப உங்க பாட்டில் தண்ணியில ஒரு சிட்டிகை உப்பு போட்டு வைங்கண்ணா" என்றாள். வைத்தால் அதுவும் பழுப்பு. மனுஷர் பையைத் தூக்கிக்கொண்டு வண்டியேறியவர்தான்.

அப்புறம் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கிணற்றுத் தண்ணீரையும் மெஷின் தண்ணீரையும் கொடுத்தோம். கட்டணம் கட்டினால் பொதுமக்கள் யாரும் கொடுக்கலாம். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில், கிணற்றில் கடினத்தன்மை 620, மெஷினில் 40. டிடிஎஸ் கிணற்றில் 1,480, மெஷினில் 1,515. கூடியிருக்கிறது! ஒரு லிட்டரில் 100 மில்லிகிராம் கடினத்தன்மையைக் குறைத்தால் 46 மில்லிகிராம் சோடியம் சேரும் என்பது கணக்கு. எங்கள் விஷயத்தில் 580 குறைந்திருக்கிறது. ஆயிரம் லிட்டர் தொட்டியைத் தோட்டத்துக்குத் திறந்துவிட்ட ஒவ்வொரு தடவையும், கிணற்றில் ஏற்கனவே இருப்பதற்கு மேல் கால் கிலோவுக்கும் அதிகமான சோடியத்தை மண்ணில் கொட்டியிருக்கிறோம். கிணற்றுத் தண்ணீரை அப்படியே விட்டிருந்தால் அதிலிருக்கும் கால்சியமாவது மண்ணைக் காத்திருக்கும்.

அறிக்கையைக் காட்டியதும் கம்பெனி பேச்சை மாற்றியது. மெஷினில் குறையில்லை, கிணறுதான் சரியில்லை, எங்கள் போர் வண்டியையே அனுப்புகிறோம், இருநூறு அடி இறக்கினால் இளநீர் மாதிரி வரும் என்றார்கள். எதிர்வீட்டு அக்கா அதை நம்பி இறக்கினார். வந்தது வாயில் வைக்க முடியாத உப்பு.

கடலோரத்தில் மழையும் வாய்க்காலும் ஊறவைத்த நல்ல தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி இருந்தால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு அது தாங்கும் என்பது பொதுவான கணக்கு. மேலே ஒரு அடி இறங்கினால் கீழிருந்து உப்பு அந்த நாற்பது அடிக்கு ஏறிவரப் பார்க்கும். அடியில் தனி நீர்ப்படுகையில் நல்ல தண்ணீர் இருக்கிற இடமும் உண்டு. அதை வேப்பங்குச்சி பிடித்து நீரோட்டம் பார்க்கிறவரோ போர் வண்டிக்காரரோ சொல்ல முடியாது. வேளாண் பொறியியல் துறையில் கட்டணம் கட்டி, நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி நீர்ப்படுகையைக் கணிக்கிற மின்தடை ஆய்வு செய்யச் சொல்லுங்கள். உப்பு வந்து கைவிட்ட போரை அப்படியே விட்டால் ஆபத்து இரண்டு: குழந்தைகள் விழலாம், உப்பும் மேல்மட்டத் தண்ணீரில் கலக்கலாம். எதிர்வீட்டுப் போரை மூடவும் அவர்கள் வரவில்லை. அக்காதான் ஆள் வைத்து அடைத்தார்.

பணம் விஷயம். எங்களுக்குத் தந்தது 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டு, ஜிஎஸ்டி எண் இல்லை. பில் கேட்டால் "தனியா வரி கட்டணும்க்கா" என்று பயமுறுத்துவது வழக்கம். கேட்டு வாங்குங்கள். நல்லவேளையாகப் பணத்தை வங்கி வழியாக அனுப்பியிருந்தோம், "தோட்டத்துக்கும் ஏற்றது" என்று அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியும் இருந்தது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொன்னோம். கம்பெனி பதில் சொல்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனோம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் போகலாம், பிரச்சினை எழுந்து 2 வருஷத்துக்குள் போய்விட வேண்டும். எங்கள் வழக்கு இன்னும் முடியவில்லை.

தோட்டம் பாதி தேறியிருக்கிறது. மெஷினைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டோம். செடிக்குக் கிணற்றிலிருந்து நேராகக் குழாய். மோட்டார் குழாயின் நுனியில் தண்ணீரை உறிஞ்சுகிற புட்வால்வைக் கிணற்று அடியிலிருந்து உயர்த்திக் கட்டி, ஒரேயடியாக வற்ற இறைக்காமல் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறோம். மேலே மிதக்கிற தண்ணீர் மட்டும் வருவதால் கோடையிலும் சவர் முன்னைப்போல் இல்லை. மொட்டை மாடி மழைத் தண்ணீரைக் கிணற்றோரக் குழிக்குத் திருப்பியிருக்கிறோம். மண்ணைப் பரிசோதித்து, சொன்ன அளவு ஜிப்சம் போட்டு, ஐப்பசி மழையில் வடிகாலைத் திறந்துவிட்டோம். ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தைத் தள்ளும், மழை அதை அடித்துக்கொண்டு போகும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் போடுவது வீண். சவரைத் தாங்குகிற பீட்ரூட்டையும் தென்னங்கன்றையும் வெயில் படுகிற பக்கம் வைத்து, அவரையையும் மல்லியையும் மழைக் குழியின் ஓரத்துக்கு மாற்றினார் மாமியார். வாழை மட்டும் அந்த இடத்தில் இன்னும் வரவில்லை.

ஏற்கனவே சாஃப்ட்னர் வாங்கிவிட்டவர்கள் அதை உடைத்துப் போட வேண்டாம். குளியலறைக்கும் வாஷிங் மெஷினுக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, பிளம்பரைக் கூப்பிட்டுத் தோட்டத்து லைனை அதற்கு முன்னாலேயே பிரித்துவிடுங்கள். கழுவு தண்ணீர் எங்கே போகிறது என்று இன்றே போய்ப் பாருங்கள். வாழைக்கோ தென்னைக்கோ போனால் குழாயை மாற்றுங்கள். வீட்டில் ஆர்ஓ இருந்தால் அது ஒதுக்குகிற தண்ணீரும் உள்ளே போகிற தண்ணீரைவிட உப்புக் கூடியதுதான், அதையும் தொட்டிச் செடிக்கு ஊற்றாதீர்கள். கம்பிக் கருவியோடு யாராவது வந்தால், அவர்கள் மெஷினில் வடித்த தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.