அயோவா கிராமத்தில் வீட்டுக் கடன்: யுஎஸ்டிஏவா, ஊர் வங்கியா, ஆன்லைனா?

நவம்பரில் திருச்சித் தம்பி ஒருவர் போன் செய்தார். மனைவி டாக்டர். ஜே-1 விசாவில் பயிற்சி முடித்து, மருத்துவர் குறைந்த பகுதியில் மூன்று வருஷம் எச்-1பி என்ற வேலை விசாவில் வேலை பார்ப்பதாக ஒப்பந்தம் போட்டு, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சின்ன கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். ஊருக்கு வெளியே, மக்காச்சோளக் காட்டை ஒட்டி, மூன்று ஏக்கரோடு ஒரு பழைய வீடு பிடித்துவிட்டது.

"அண்ணா, ஆன்லைன்ல ஒரு கம்பெனி கால் சதவீதம் கம்மியா தர்றான். ஊர் பேங்க்ல வெப்சைட்ல வட்டியே போடலை. எங்க போறது?"

"வீட்டுக்குக் கிணறா, ஊர்த் தண்ணியா?" என்றேன்.

"என்னண்ணா, வட்டியைக் கேட்டா தண்ணியைக் கேக்குறீங்க?"

டெ மாயின் நகரத்தில் அபார்ட்மெண்ட் வாங்குகிறவர் வட்டியில் தொடங்கலாம். கிராமப்புறக் கவுண்டியில் அந்த வீட்டை எந்தக் கடன் ஏற்றுக்கொள்ளும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். நம் விசாவை எந்தக் கடன் ஏற்றுக்கொள்ளும் என்பதை அதற்கும் முன்னால் பார்க்க வேண்டும். இந்த இரண்டு சல்லடையிலும் சலித்த பிறகு மிஞ்சுவது இரண்டு மூன்று இடம்தான். வட்டி பேசுவது அப்புறம்.

விசா சல்லடையில் முதலில் விழுவது யுஎஸ்டிஏ, அதாவது அமெரிக்க வேளாண் துறையின் கடன். வேளாண் துறை எதற்கு வீட்டுக் கடன் தருகிறது என்று பலருக்கும் வியப்பு. 1949ஆம் வருஷத்து வீட்டுவசதிச் சட்டத்தின் 502ஆம் பிரிவிலிருந்து வருகிறது இது. குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் வாங்கலாம். எச்-1பி விசாவுக்குக் கிடையாது. எஃப்எச்ஏ என்ற, அரசு காப்பீடு செய்யும் கடன் முன்பு எச்-1பிக்கும் கிடைத்தது. 2025 மே 25 முதல், நிரந்தர வசிப்புரிமை இல்லாதவர்களுக்கு அதுவும் இல்லை. இது தெரியாமல் பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு எஃப்எச்ஏ என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் நம்மவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கிரீன் கார்டு உள்ளவர்களுக்காக யுஎஸ்டிஏவைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் கிராமத்தில் இதைவிட மலிவான கதவு அபூர்வம். இதில் இரண்டு வகை. நேரடிக் கடனை அரசே தருகிறது. குறைந்த வருமானக்காரர்களுக்கு மட்டும். 33 வருஷத் தவணை. அதையும் கட்ட முடியாத மிகக் குறைந்த வருமானக்காரர்களுக்கு 38 வருஷம் வரை. மானியத்தோடு வட்டி 1 சதவீதம் வரை இறங்கும். ஆனால் வீட்டை விற்கும்போது அந்த மானியத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்பார்கள். கையெழுத்துப் போடுமுன் இதைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

உத்தரவாதக் கடனில் பணம் தருவது வங்கி; கடனில் 90 சதவீதத்துக்கு அரசு வங்கிக்கு உத்தரவாதம் தரும். குடும்ப வருமானம் அந்தப் பகுதியின் நடுத்தர வருமானத்தில் 115 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இங்கேதான் நம் வீடுகள் சிக்கும். கடனில் கையெழுத்துப் போடாதவராக இருந்தாலும், அதே கூரையின் கீழ் இருக்கும் பெரியவர்களின் வருமானமெல்லாம் கணக்கில் சேரும். உடன் தங்கி வேலை பார்க்கும் மச்சினனின் சம்பளமும் அதில் உண்டு. டாக்டர் சம்பளம் வரும் வீடு இந்தக் கோட்டைத் தாண்டிவிடும் என்பதால் தம்பி வீட்டில் கிரீன் கார்டு இருந்திருந்தாலும் கிடைத்திருக்காது.

2 லட்சம் டாலர் வீட்டுக்கு ஒரு கணக்கு. யுஎஸ்டிஏ உத்தரவாதக் கடனில் முன்பணம் பூஜ்யம். தொடக்கக் கட்டணம் 1 சதவீதம், அதாவது 2,000 டாலர். அதைக் கடனிலேயே சேர்த்துக்கொள்ளலாம். பிறகு வருஷத்துக்கு 0.35 சதவீதம், முதல் வருஷம் மாதம் 58 டாலர் சுமாருக்கு. அதே வீட்டுக்கு எஃப்எச்ஏ என்றால் 3.5 சதவீத முன்பணம் 7,000 டாலர், தொடக்கக் காப்பீடு 1.75 சதவீதம் 3,377 டாலர், மாதக் காப்பீடு 88 டாலர் சுமார். முன்பணம் 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் அந்த மாதக் காப்பீடு கடன் முடியும் வரை போகாது. யுஎஸ்டிஏவின் 0.35 சதவீதமும் அப்படித்தான், கடன் உள்ளவரை தொடரும். கிரெடிட் ஸ்கோர் 580க்கு மேலே ஆனால் அடிபட்டிருக்கிறது என்பவர்களுக்குத்தான் எஃப்எச்ஏ. கிராமத்தில், யுஎஸ்டிஏ கிடைக்கும் ஒருவர் எஃப்எச்ஏ எடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை, அவசரம் தவிர. யுஎஸ்டிஏவில் வங்கி சரி சொன்ன பிறகும் கோப்பு அரசு அலுவலகத்துக்கு ஒரு முறை போய் வர வேண்டும். 2018 டிசம்பரில் அரசாங்கம் 35 நாள் முடங்கியபோது அந்தக் கோப்புகளும் முடங்கின.

எந்த ஊர் கிராமம் என்பதை யுஎஸ்டிஏ வரைபடம் முடிவு செய்கிறது. வீட்டு முகவரியைத் தட்டினால் ஆமா, இல்லை என்று சொல்லிவிடும். டெக்கோரா, கிரின்னல் மாதிரி பத்தாயிரம் பேருக்கும் குறைவான ஊர்களில் இருப்பவர்கள் பார்க்காமல் விடக் கூடாது.

இனி விசாக்காரர்களுக்கு. மிஞ்சுவது மரபுக் கடன். வங்கிகள் தந்த வீட்டுக் கடன்களை விலைக்கு வாங்கும் ஃபேனி மே, ஃபிரெடி மேக் என்ற நிறுவனங்கள் வாங்கிக்கொள்ளும் வகை. எச்-1பிக்குக் கிடைக்கும். 20 சதவீதத்துக்குக் குறைவாக முன்பணம் போட்டால் பிஎம்ஐ என்ற, கடன் தருவோரைக் காக்கும் காப்பீடு வரும். ஆனால் எஃப்எச்ஏ மாதிரி ஒட்டிக்கொள்ளாது. கடனில் பாக்கி அசல், வீட்டின் ஆரம்ப விலையில் 80 சதவீதத்துக்கு இறங்கியதும் எழுதிக் கேட்டு நீக்கலாம், 78இல் தானாகப் போய்விடும். டாக்டர்களுக்கென்று சில வங்கிகள் தனிக்கடன் வைத்திருக்கின்றன. முன்பணம் குறைவு, பிஎம்ஐ இல்லை, வேலையில் சேருமுன்பே ஒப்பந்தக் கடிதத்தை வைத்தே தருவார்கள். ஆனால் பல இடங்களில் அதன் வட்டி சில வருஷம் கழித்து மாறுவது. ஏக்கர் கணக்கில் நிலம் என்றதும் சிலர் பின்வாங்குவார்கள். முதல் போனிலேயே ஏக்கரைச் சொல்லிவிடுங்கள்.

சரி, தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆன்லைனா, ஊர் வங்கியா?

நான் வீடு வாங்கியபோது ஆன்லைனுக்குத்தான் போனேன். பெயர் வேண்டாம். வட்டி நன்றாகத்தான் இருந்தது. வீட்டை மதிப்பிட இரண்டு மணி நேரத் தூரத்திலிருந்து ஒருவர் வந்தார். பக்கத்தில் விற்ற இதே மாதிரி மூன்று வீடுகளைக் காட்ட வேண்டும் என்பது அவருக்கு விதி. எங்கள் சாலையில் கடந்த இரண்டு வருஷத்தில் விற்றது ஒரு வீடும் ஒரு பன்றிக் கொட்டகையும். பதினைந்து மைல் தள்ளிப்போய் மூன்று வீடு தேடிப் பிடித்தார். அதற்குள் கடன் தருவோர் அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி மெயிலுக்கு மேல் மெயில்: "டைட்டில் இன்சூரன்ஸ் எங்கே?"

டைட்டில் இன்சூரன்ஸ் என்பது வீட்டு உரிமையில் பின்னால் வில்லங்கம் வந்தால் ஈடு தரும் காப்பீடு. அயோவாவில் அதை விற்க முடியாது. 1947 முதல் தடை. அமெரிக்காவில் வேறெங்கும் இல்லாத வழக்கம் இது. இங்கே 'ஆப்ஸ்ட்ராக்ட்' என்று ஒரு கட்டு இருக்கிறது. அந்த நிலம் முதலில் யாருக்குப் போனது, யார் விற்றார், யார் அடமானம் வைத்தார், எந்த விவாகரத்தில் யாருக்குப் பிரிந்தது என்று ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து கோத்த காகிதக் கட்டு. நம்மூர்த் தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் சேர்ந்து ஒரே புத்தகமானால் எப்படி இருக்கும், அதுதான். எங்கள் வீட்டுக் கட்டு ஒரு சாண் உயரம். முதல் தாள்கள் பழுப்பேறி, தொட்டால் ஓரம் உதிரும். அதை வக்கீல் படித்து 'பட்டா சுத்தம்' என்கிற மாதிரி ஒரு கருத்துக் கடிதம் எழுத, அதன் மேல் மாநில அரசின் அயோவா டைட்டில் கேரண்டி என்ற அமைப்பு உத்தரவாதம் தரும். இதை வேறு மாநிலத்துக் கால் சென்டருக்குப் புரிய வைக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. குளோசிங், அதாவது கையெழுத்துப் போட்டு வீடு கைக்கு வரும் நாள், இரண்டு முறை தள்ளிப்போனது.

அடுத்தது செப்டிக். 2009 ஜூலை முதல் அயோவாவில் செப்டிக் உள்ள வீடு கை மாறும்போது சான்று பெற்ற ஆய்வாளர் வந்து தொட்டியை உறிஞ்சிக் காலி செய்து பார்க்க வேண்டும். டிசம்பரில் மண் கல்லாய் உறைந்துவிட்டால்? கவுண்டியோடு ஓர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டு, வசந்தத்தில் ஆய்வு செய்துகொள்ளலாம். ஊர் வங்கிக்காரருக்கு இது பத்து நிமிஷ வேலை. அந்தத் தாள் அவர் மேசை இழுப்பறையிலேயே இருக்கும். தூரத்துக் கம்பெனிக்கு இது கோப்பில் ஒரு சிவப்புக் கொடி.

கிணற்றைப் பற்றி ஒன்று. சோளத்துக்கு இடும் உரம் நிலத்தடி நீரில் நைட்ரேட்டாக இறங்கும். லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்பது குடிநீர் வரம்பு. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இது உயிர் விஷயம். கடன் கேட்கிறதோ இல்லையோ, தண்ணீரைச் சோதியுங்கள். அயோவாவின் 99 கவுண்டிகளும் மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க ரேடான் வாயு அதிகமுள்ள பட்டியலில்தான் இருக்கின்றன, அதையும் கூடவே பாருங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஊர் வங்கியைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. அங்கே ஒரு பொறி இருக்கிறது. ஊர் வங்கி இரண்டு விதமாகக் கடன் தரும். ஒன்று, கொடுத்துவிட்டு ஃபேனி மே மாதிரி இடத்துக்கு விற்பது. அதற்கு எல்லாருக்கும் உள்ள அதே விதிகள், 30 வருஷ நிலையான வட்டி. மற்றொன்று, தன் புத்தகத்திலேயே வைத்துக்கொள்வது. பன்றிக் கொட்டகை, இருபது ஏக்கர், சக்கரத்தில் வந்த வீடு என்று யாரும் தொடாத சொத்துக்கெல்லாம் இந்த இரண்டாவது வகைதான் கை கொடுக்கும். ஆனால் பல வங்கிகளில் இதற்கு 'பலூன்' உண்டு. தவணையை 30 வருஷக் கணக்கில் போடுவார்கள். ஐந்தாம் வருஷமோ ஏழாம் வருஷமோ மொத்தப் பாக்கியையும் கட்டு, இல்லையென்றால் அன்றைய வட்டிக்குப் புதுப்பி என்பார்கள். 1,80,000 டாலர் கடன், 7 சதவீதம் என்று வையுங்கள். ஐந்து வருஷத்தில் கிட்டத்தட்ட 72,000 டாலர் கட்டியிருப்பீர்கள். பாக்கி இன்னும் 1,69,000க்கு மேல். அந்த நேரம் வேலை போயிருந்தால், விசா புதுப்பிப்பில் இழுபறி என்றால், வங்கி வேறு கைக்கு மாறியிருந்தால்? முதல் வகைக்குத் தகுதி உள்ள வீட்டுக்கு இரண்டாம் வகையை வாங்கக் கூடாது என்பது என் முடிவு.

கிரெடிட் யூனியன்களை, அதாவது உறுப்பினர்களே சொந்தக்காரர்களான கூட்டுறவுக் கடன் சங்கங்களை, தனியாகப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கவுண்டியில் குடியிருந்தாலே பலவற்றில் உறுப்பினராகலாம். ஃபெடரல் சாசனம் உள்ளவை, முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் போட முடியாது. ஃபார்ம் கிரெடிட் விவசாயிகளுக்கானது என்று நினைப்போம். 1916இல் தொடங்கிய அந்தக் கூட்டுறவு அமைப்பு, 2,500 பேருக்கு மிகாத ஊர்களிலும் திறந்த நாட்டுப்புறத்திலும் சாதாரண வீட்டுக்கும் கடன் தரலாம். நிலத்தோடு கூடிய வீட்டுக்கு ஒரு போன் போட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

எங்கே கேட்டாலும் 'லோன் எஸ்டிமேட்' வாங்காமல் நகராதீர்கள். விண்ணப்பித்த மூன்று வேலை நாளுக்குள் அவர்கள் தந்தாக வேண்டிய மூன்று பக்கத் தாள். கால் சதவீதம் கம்மி என்ற பேச்சு இரண்டாம் பக்கத்தில் 'ஏ' பகுதியைப் பார்த்ததும் பல நேரம் கரைந்துவிடும். வட்டியைக் குறைக்க முன்கூட்டியே வாங்கும் பாயிண்டுகள் (ஒரு பாயிண்டு என்றால் கடனில் 1 சதவீதம்) அங்கேதான் உட்கார்ந்திருக்கும். மூன்றாம் பக்கத்தில் ஐந்து வருஷத்தில் மொத்தம் எவ்வளவு கட்டுவீர்கள், அதில் அசல் எவ்வளவு கழியும் என்று இருக்கும். எனக்குப் பிடித்த ஒப்பீடு அந்த இரண்டு எண்தான். அதே பக்கத்தில் கீழே சின்னதாக ஒரு வரி: தவணை வசூலை நாங்களே வைத்துக்கொள்வோமா, மாற்றிவிடுவோமா. 45 நாளுக்குள் எத்தனை பேர் உங்கள் கிரெடிட்டைப் பார்த்தாலும் வீட்டுக் கடனுக்கு அது ஒன்றாகவே எண்ணப்படும் என்பதால் மூன்று தாளாவது வாங்குங்கள்.

தம்பி மூன்று வாங்கினார். ஆன்லைன் கம்பெனியின் கால் சதவீதத்துக்குப் பின்னால் ஒன்றரை பாயிண்டு இருந்தது. ஊர் வங்கிக்குப் போய், நான் சொல்லிக் கொடுத்தபடி, "இந்தக் கடனை விற்பீர்களா, வைத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டிருக்கிறார். கடன் பிரிவு அம்மா சிரித்துவிட்டு இரண்டு விலை சொன்னாராம். விற்கிற வகையை எடுத்தார், 30 வருஷம் நிலையான வட்டி. தவணை வசூல் மட்டும் அந்த வங்கியிலேயே.

டிசம்பர் கடைசியில் குளோசிங் முடிந்தது. அன்று மாலை ஒரு படம் அனுப்பினார். முழங்கால் பனி, நடுவே நட்டு வைத்த ஒரு குச்சி, நுனியில் சிவப்புத் துணி. செப்டிக் மூடி அதற்கு நேர் கீழே இருக்கிறதாம். ஏப்ரலில் ஆய்வாளர் வரும்போது தேடி அலையக் கூடாதென்று அந்த அம்மாதான் நடச் சொன்னாராம்.