புராஸ்டேட் பேக்கேஜ்: யூரோஃப்ளோ இல்லையென்றால் வேண்டாம்

சென்னை ஸ்கேன் சென்டர்களில் ஐம்பது தாண்டிய ஆண்களுக்கு விற்கும் புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி; வயதானால் வீங்கி சிறுநீர் வழியை அடைக்கலாம்) பேக்கேஜில் பெரும்பாலும் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் புரதம்) ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், யூரின் டெஸ்ட் ஆகிய மூன்றுதான் இருக்கும். யூரோஃப்ளோ இருப்பது அரிது. ஆனால் சிறுநீர் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று காட்டுவதே அதுதான். புனல் வைத்த மெஷினில் ஒன்றுக்குப் போனால் நொடிக்கு எத்தனை மில்லி என்று வரைபடம் வரும். உச்ச வேகம் 15-க்கு மேல் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. 10-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். 150 மில்லிக்குக் குறைவாகப் போயிருந்தால் அந்த ரிப்போர்ட்டை நம்பாதீர்கள், திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

ஸ்கேனில் நடக்கும் கோளாறு வேறு. லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்கவைத்து, முட்டிக்கொண்டு நிற்கும்வரை உட்காரவைக்கிறார்கள். அளவுக்கு மீறி நிரம்பிய சிறுநீர்ப்பை சரியாகச் சுருங்காது. போய் வந்த பிறகும் மிச்சம் அதிகமாகத் தெரியும். சாதாரணமாக முட்டும்போதே பார்க்கச் சொல்லி, போய் வந்த உடனே மிச்சத்தை அளக்கச் சொல்லுங்கள். 'கிரேடு 2 வீக்கம்' என்ற வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சுரப்பியின் அளவுக்கும் தொந்தரவுக்கும் நேர்த்தொடர்பு கிடையாது.

பி.எஸ்.ஏ. அளவு 4-ஐ (மில்லிக்கு நானோகிராம்) தாண்டினாலே புற்றுநோய் என்று பொருள் இல்லை. சிறுநீர்த் தொற்று, அடைப்புக்காகப் போட்ட டியூப் எல்லாமே அதை ஏற்றும். தொற்று ஆறி ஆறு வாரமாவது கழித்து எடுப்பதே சரி. ஃபினாஸ்டரைடு (சுரப்பியைச் சுருக்கும் மாத்திரை) ஆறு மாதமாகச் சாப்பிடுபவருக்கு பி.எஸ்.ஏ. அளவு பாதியாகக் குறைந்திருக்கும். லேபில் இதை யாரும் கேட்பதில்லை, நீங்களே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நீண்டநாள் சர்க்கரைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வேகம் குறைய அடைப்புதான் காரணமாக இருக்க வேண்டியதில்லை, சிறுநீர்ப்பைத் தசையே தளர்ந்திருக்கலாம். அதைப் பிரித்தறிய சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் டெஸ்ட் தேவை. அதைச் செய்யாமல் ஆபரேஷன் செய்தால் பணம் போய், தொந்தரவு அப்படியே நிற்கலாம்.

மாத்திரை பலிக்காதபோதும், அடிக்கடி அடைத்துக்கொள்ளும்போதும், கல் சேரும்போதும், சிறுநீரகம் கெடும்போதும்தான் கத்தி. டி.யு.ஆர்.பி. (சிறுநீர்க் குழாய் வழியே கருவி விட்டு, மின்சாரத்தால் சுரப்பியைச் செதுக்கும் ஆபரேஷன்) என்றால், அது மோனோபோலாரா பைபோலாரா என்று கேளுங்கள். பைபோலாரில் கழுவ சலைன் ஓடுவதால், மோனோபோலாரில் ஓடவிடும் கிளைசின் கரைசல் உடம்பில் ஏறி சோடியம் இறங்கும் ஆபத்து இல்லை. சுரப்பி மிகப் பெரிதென்றால் சுரப்பியின் வீங்கிய பகுதியை லேசரால் பிரித்தெடுக்கும் ஹோலெப் நல்ல வழி. இவற்றில் எதைச் செய்தாலும் பலருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும்; குழந்தை வேண்டும் என்பவர்கள் கையெழுத்துப் போடுமுன் இதைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

செலவு மலைப்பாக இருந்தால் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் யூராலஜி (சிறுநீரகவியல்) பிரிவு உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். எங்கே செய்தாலும், வெட்டியெடுத்த துணுக்குகள் பயாப்சிக்குப் போனதா என்று கேட்டு, ரிசல்ட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.