காஸ் மலை ரயில்: கியர் வெட்டுகிறவள் கண்ணில்

அம்பத்தூர் எஸ்டேட்டில் கியர் வெட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கே போனாலும் கண் முதலில் பல்சக்கரத்தின் மேல்தான் போகும். அதனால் இதில் மலையழகைப் பற்றி அதிகம் இருக்காது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் ரிச்மண்டில் இருக்கும் தம்பிக்கு ரயில் மாடல் பைத்தியம். எச்ஓ அளவில், அதாவது நிஜ வண்டியில் 87-இல் ஒரு பங்கு. அதில் ஒரு ஷே எஞ்சின், அதாவது பல்சக்கரங்களால் சக்கரத்தைச் சுழற்றி மலையேறும் நீராவி எஞ்சின், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அச்சில் இருந்த பிளாஸ்டிக் கியர்கள் விரிசல் விட்டு, நகராமல் கிடந்தது. "அக்கா, பித்தளையில் வெட்டித் தருவியா?" என்றான். தருகிறேன், முதலில் நிஜத்தைக் காட்டு என்றேன். அப்படித்தான் மேற்கு வர்ஜீனியாவின் காஸ் ஊருக்குப் போனோம்.

1901-இல் ஒரு காகிதக் கம்பெனி மரம் வெட்டுவதற்காக உண்டாக்கிய ஊர். வெள்ளையடித்த கம்பெனி வீடுகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. மர ஆலை 1960-இல் மூடியது. மாநில அரசு கையில் எடுத்ததால் தண்டவாளம் பழைய இரும்புக்குப் போகாமல் தப்பித்து, 1963 முதல் சுற்றுலா ரயில் ஓடுகிறது.

நாங்கள் போன அன்று 5-ஆம் எண் ஷே. ஒஹாயோ மாநிலம் லைமாவில் 1905-இல் செய்தது. வந்த நாளிலிருந்து இதே மலைதான் அதற்கு வேலை. பிளாட்ஃபாரத்தில் எல்லோரும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் போனால் வலப்பக்கம் போங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது. மூன்று சிலிண்டர்கள் நெட்டுக்குத்தாக நிற்கும். அவற்றின் எடைக்கு ஈடாக பாய்லரை இடப்பக்கம் தள்ளி வைத்திருக்கிறார்கள். சிலிண்டருக்குக் கீழே எஞ்சின் நீளத்துக்கும் ஒரு ஷாஃப்ட், வளைவில் மடங்க யுனிவர்சல் ஜாயிண்டுகளோடு. அந்தப் பக்கத்துச் சக்கரம் ஒவ்வொன்றின் முகத்திலும் பெவல் கியர் (சாய்வாகப் பல் வெட்டிய சக்கரம்), அதோடு சேரும் பினியன் (ஷாஃப்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்). மூடி கிடையாது. கிரீஸ் கறுத்து வழிகிறது. பல்லின் முகம் மட்டும் தேய்ந்து தேய்ந்து கண்ணாடியாக மின்னுகிறது. என் பட்டறையில் அப்படி ஒரு பல் வந்தால் 'மாத்திடுங்க' என்றுதான் சொல்வேன். இங்கே அது பாட்டுக்கு மலையேறுகிறது.

மிச்சிகனில் மரத் தொழில் செய்த எஃப்ரைம் ஷே 1881-இல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. சாதாரண எஞ்சினில் பின்னால் இருக்கும் கரி, தண்ணீரின் எடை வீண் சுமை. இதில் அந்த எடைக்குக் கீழே உள்ள சக்கரமும் கியரோடு சேர்ந்தது, அதனால் பன்னிரண்டு சக்கரமும் தண்டவாளத்தைப் பிடித்துத் தள்ளும். ஊட்டி ரயிலுக்கு 12-க்கு 1 ஏற்றத்தில் நடுவே பல் தண்டவாளம் வேண்டியிருக்கிறது. இங்கே செங்குத்தான இடத்தில் ஏறக்குறைய 9-க்கு 1. பல் தண்டவாளம் இல்லை!

சத்தத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கண்ணை மூடினால் எக்ஸ்பிரஸ் பறக்கிற மாதிரி இருக்கும். திறந்தால் பக்கத்துச் செடியின் இலையை எண்ணலாம். ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்ற ஆறு முறை 'புஸ்' வருகிறது, கியரோ சக்கரத்தின் வேகத்தைக் குறைக்கிறது. தம்பி மாடலில் ஸ்பீக்கர் வைத்து இதைத்தான் வரவழைக்கப் பார்க்கிறான். வராது.

இரண்டு இடத்தில் வண்டி திசை மாறி, இசட் எழுத்துப் போல ஏறும். கிளம்பும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். பெட்டிகள் மரம் ஏற்றிய பழைய வண்டிகளை மாற்றிச் செய்தவை, பக்கம் திறந்தவை. எஞ்சினை ஒட்டி உட்கார வேண்டும் என்று நான்தான் அடம்பிடித்தேன். டப்பாவைத் திறந்த இரண்டாவது நிமிஷம், தயிர்சாதத்தில் இருப்பது தாளித்த கடுகா கரித்தூளா என்று தெரியவில்லை. தம்பி பேசாமல் மூடி வைத்துவிட்டான். நான் சாப்பிட்டேன்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் வழியிலுள்ள விட்டக்கர் நிறுத்தம் வரை போய்த் திரும்பும் குறைந்த தூரப் பயணம் போதும். முழுப் பயணம் போகும் பால்ட் நாப் மலையின் உச்சி 4,842 அடி. போய்வர 22 மைல், நாலரை மணி நேரம் ஆகும். மேலே குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். அலைபேசி அலைகள் இடைஞ்சல் செய்யக்கூடிய கிரீன் பேங்க் ரேடியோ தொலைநோக்கி பக்கத்தில் இருப்பதால் அந்த வட்டாரத்தில் அலைபேசி சிக்னலை எதிர்பார்க்க வேண்டாம். வழியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. திரும்பும்போது ஒரே பெட்ரோல் பங்கை இரண்டு தடவை பார்த்தோம்.

தம்பியின் கியர்கள் ஆறு முடிந்துவிட்டன. அடுத்த வாரம் கூரியரில் போகும்.