கட்டுநாயக்கவுக்கு இன்னும் ஒரு மணி நேரம்

கொழும்புப் பயணம் எப்படி என்று கனடாவில், ஸ்காபரோவில் காண்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். வெள்ளவத்தையில் தங்கிய இடம், காலி வீதி நெரிசல், காசு மாற்றியது, கொச்சிக்கடைக்கும் கதிரேசன் கோவிலுக்கும் போய் வந்தது, இதெல்லாம் வழக்கம்போலத்தான். எழுத ஒன்றுமில்லை. போகிற வழியில் விமானத்தில் நடந்ததும், அதற்குப் பிறகு கொழும்பில் ஒரு நன்றிக் கடிதத்தைக் கொடுக்க நான் பட்ட பாடும்தான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

வளைகுடாவில் மாறி ஏறிய விமானம். பாதிப் பேர் வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பும் நம் நாட்டுப் பெண்கள். மீதிப் பேர் கனடா, லண்டன், சுவிஸ் என்று பல பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள். சாப்பாடு முடிந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார்கள். எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த ஐயா ஒருவர், எழுபதுக்கு மேல் இருக்கும், கழிவறைக்குப் போக எழும்பி வந்தார். என் இருக்கையின் கைப்பிடியை ஒரு கணம் பிடித்தார். அப்படியே சரிந்து நடைபாதையில் விழுந்துவிட்டார்.

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற பிள்ளை கேத்திலை என் கையில் திணித்தாள். "பிடியுங்க" என்று தமிழில் சொன்னாள். அந்தக் கேத்தில் கடைசிவரை என் மடியில்தான் இருந்தது. குனிந்து ஐயாவின் தோளைத் தட்டிக் கூப்பிட்டாள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று சில விநாடி பார்த்தாள். பிறகு பின்பக்கம் திரும்பி ஒரே ஒரு சொல் கத்தினாள். அதற்குள் இன்னொருவர் சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்து விமானியோடு கதைத்துக்கொண்டிருந்தார். ஒரு பையன் சிவப்புப் பையோடு ஓடி வந்தான். நடைபாதையில் ஒருவர் முழங்காலில் நிற்கவே இடமில்லை. மூன்று பேராக ஐயாவைத் தோளில் பிடித்து இழுத்து, சாப்பாட்டு வண்டிகள் நிற்கும் பின்பக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் கடைசி வரிசைகளில் இருந்ததால் எல்லாம் கண்ணுக்கு முன்னால் நடந்தது.

அந்தப் பிள்ளை குதிச்சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு நெஞ்சை அமத்தத் தொடங்கினாள். சத்தமாக எண்ணி எண்ணி அமத்தினாள். முப்பது முறை, பிறகு முகமூடி வைத்து இரண்டு மூச்சு, மறுபடி முப்பது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம், ஐந்து சென்ரிமீற்றராவது உள்ளே போகுமளவுக்கு அமத்த வேண்டும். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். அதனால்தான் ஆள் மாறி ஆள் செய்கிறார்கள். இதயம் நின்ற பிறகு ஒன்றும் செய்யாமல் விட்டால், போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் ஏழு முதல் பத்து வீதத்தைக் கொண்டுபோகும். ஸ்காபரோவில் வேலையிடத்தில் முதலுதவி வகுப்பு எடுத்தபோது இதைப் படித்தேன். படித்தது வேறு, அன்று பார்த்தது வேறு.

சிவப்புப் பையில் இருந்தது இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி. அமெரிக்காவில் பெரிய பயணிகள் விமானங்களில் 2004 முதல் இதைக் கட்டாயமாக்கினார்கள். சட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, வியர்வையைத் துடைத்து, ஒட்டும் தகடு ஒன்றை வலது தோளுக்குக் கீழேயும் மற்றதை இடது விலாப் பக்கத்திலும் ஒட்டினார்கள். கருவி ஆங்கிலத்தில் பேசியது. எல்லோரும் கையை எடுத்தார்கள். ஐயாவின் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. உடனே மறுபடி அமத்தத் தொடங்கினார்கள். டொக்டர் யாராவது உண்டா என்று அறிவித்தார்கள், ஒருவரும் இல்லை. குவைத்தில் வேலை செய்யும் சிங்களத் தாதி ஒருவர் எழும்பி வந்து கைமாறினார். இரண்டாவது அதிர்ச்சிக்குப் பிறகு ஐயா பெரிதாக மூச்சு இழுத்தார். தாதி கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

இவ்வளவு நேரமும் அவருடைய மனைவி என் பக்கத்தில் நின்று முருகா முருகா என்று அரற்றிக்கொண்டிருந்தார். ஆங்கிலமும் தெரியாது, சிங்களமும் தெரியாது. அந்தப் பிள்ளை வேர்த்து ஒழுகிக்கொண்டே வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்தாள். "அம்மா, ஐயா மூச்சு விடுறார். வாங்க, கிட்ட இருந்து கூப்பிடுங்க" என்றாள். கொழும்புத் தமிழ். மனைவி "என்ரை பிள்ளை, என்ரை பிள்ளை" என்று அவள் கன்னத்தைத் தடவினார்.

விமானி நேரே கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவுக்கே விட்டார். கன்னியாகுமரிக்குத் தெற்கே வந்துவிட்டோம், திருவனந்தபுரத்துக்குத் திரும்பினாலும் அதே நேரம்தான் ஆகும். ஐயாவைக் கடைசி வரிசை இருக்கைகளில் படுக்க வைத்து, பட்டிகளால் கட்டி, ஒட்சிசன் பிடித்தார்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6000 முதல் 8000 அடி மலையில் இருப்பதுபோல இருக்கும். நுவரெலியாவே 6000 அடிக்குக் கொஞ்சம் மேலேதான். பலவீனமான இதயத்தோடு நீண்ட நேரம் அந்த உயரத்தில் இருப்பதென்பது சின்ன விஷயமல்ல. வயதான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் பயணத்துக்கு முன் வைத்தியரிடம் ஒருமுறை கேளுங்கள்.

அப்புறம் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். முதலில் வைத்தியக் குழு ஏற வேண்டும், ஒருவரும் எழும்ப வேண்டாம் என்று மூன்று மொழியிலும் சொன்னார்கள். சில்லு நிலத்தில் பட்டதுதான் தாமதம், நம் சனம் எழும்பிவிட்டது. மேலே பெட்டியைத் திறந்து ரிவியை இறக்குகிறார் ஒருவர். இன்னொருவர் கைபேசியை உயர்த்திப் பின்பக்கத்தைப் படம் பிடிக்கிறார். சற்று முன் ஒரு மனிதனின் உயிரை மீட்ட பிள்ளைகள் "தயவுசெய்து இருங்க" என்று கெஞ்சிக்கொண்டு நடைபாதையில் நிற்கிறார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, கோபத்தில். 2024 ஜனவரி 2ஆம் திகதி தோக்கியோ ஹனேடாவில் எரிந்த ஜப்பான் விமானத்தை நினைத்தேன். அறிவிப்புக் கருவி வேலை செய்யாமல் போக, பணியாளர்கள் கையொலிபெருக்கியிலும் தொண்டை கிழியக் கத்தியும் 379 பேரையும் உயிரோடு வெளியே எடுத்தார்கள். அது நடந்தது சனம் பைகளை விட்டுவிட்டு, சொன்ன சொல்லைக் கேட்டதால். இந்தச் சனத்தோடு அப்படி ஒரு நாள் வந்தால் என்ன ஆகும்?

ஆனால் கீழே அம்புலன்ஸ் ஆயத்தமாக நின்றது. அதைச் சொல்லியே ஆகவேண்டும். ஐயாவை நீர்கொழும்பு வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், பிறகு கொழும்புத் தேசிய வைத்தியசாலைக்கு மாற்றினார்கள். அரசாங்க வைத்தியசாலை, ஒரு சதம் செலவில்லை. ஒன்ராறியோவில் அம்புலன்ஸில் ஏறினாலே 45 டொலர் பில் வீட்டுக்கு வரும். அவசர சிகிச்சைப் பிரிவில் மணிக்கணக்காகக் கதிரையில் இருந்த அனுபவம் நம்மில் யாருக்கு இல்லை? ஊரை எதற்கெடுத்தாலும் குறை சொல்லும் நாங்கள் இதையும் சொல்ல வேண்டும்.

அந்தப் பிள்ளையின் பெயரை அன்று கேட்கவில்லை, கேட்கிற நேரமும் அதுவல்ல. ஐயாவின் மகன் பிறகு தொலைபேசியில், "அம்மா அந்தப் பிள்ளையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறா, அன்ரி" என்றார். சரி, நானே எழுதிக் கொடுக்கிறேன் என்று அந்த விமான நிறுவனத்தின் கொழும்பு அலுவலகத்துக்குப் போனேன். இலக்கம் எடுத்து, காத்திருந்து, முன்னால் போய் இருந்தேன்.

"என்ன முறைப்பாடு, மிஸ்?"

"முறைப்பாடு இல்லை, தம்பி. பணியாளர்களுக்கு நன்றிக் கடிதம்."

அவர் திரையைப் பார்த்தார். பொதி காணாமல் போனது, தாமதம், பணம் திரும்பக் கொடுப்பது, இருக்கை மாற்றம், அவ்வளவுதான் அதில் இருந்தது. நன்றியை எங்கே பதிவது என்று அவருக்கும் தெரியவில்லை. உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, இணையத்தில் போடுங்கள் என்றார். இணையத்திலும் அதே பட்டியல்தான். பணியாளரின் பெயர் தரமுடியாதாம். அது நியாயம், நான் கேட்கவும் இல்லை. கடிதத்தையாவது வாங்கி மேலிடத்துக்கு அனுப்புங்கள் என்றேன். கடிதம் வாங்கும் வழக்கம் இல்லையாம். தம்பியிலும் பிழையில்லை. பொதி காணாமல் போனதற்கு நாலு கட்டம் வைத்தவர்கள், ஒரு உயிரைக் காப்பாற்றியதற்கு ஒரு கட்டம் வைக்கவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

2022 ஜூனில் லண்டனிலிருந்து கொழும்புக்கு வந்த ஸ்ரீலங்கன் விமானம் துருக்கி வானில் இன்னொரு விமானத்துக்கு மிக அருகில் போகவிருந்ததை விமானிகள் கவனித்துத் தவிர்த்தார்கள் என்று பத்திரிகையில் வந்ததே, ஞாபகம் இருக்கும். நாங்கள் எல்லோரும் பெருமையோடு அனுப்பி அனுப்பி வாசித்தோம். விமானிகளுக்கு அது தகும். சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிலத்தில் முழங்காலில் நின்றவர்களுக்கும் தகும். அவர்கள் கேத்திலோடும் தட்டோடும் வருவதால் தேத்தண்ணி கொடுக்க வந்தவர்கள் என்றே நினைத்துவிடுகிறோம். கை சொடுக்கிக் கூப்பிடுகிறவர்களை அந்த விமானத்திலேயே பார்த்தேன்.

கடைசியில் வெள்ளவத்தைத் தபால் கந்தோரில் பதிவுத் தபாலாக அவர்களுடைய தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். விமான இலக்கம், திகதி, என் இருக்கை இலக்கம், யார் யார் என்ன செய்தார்கள் என்று இரண்டு பக்கம். ஐயாவின் மகனும் தனியாக ஒன்று எழுதியிருக்கிறார். ஐயா வீட்டுக்கு வந்துவிட்டார், மெதுவாக நடக்கிறாராம். அன்று அந்த விமானத்தில் இருந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், நீங்களும் இரண்டு வரி எழுதிப் போடுங்கள். பலர் எழுதினால் அந்தப் பிள்ளைகளின் கோப்பில் போய்ச் சேரும். எனக்குப் பதில் இன்னும் வரவில்லை. வந்தால் இங்கே எழுதுகிறேன்.