வீட்டு பிரஷர் மிஷின்: பல ஆண்டுப் பயன்பாட்டில் தெரிந்தவை

இரத்த அழுத்தத்தை அளக்க, மேல்கையில் கட்டும் தானியங்கி மிஷினைத்தான் சிங்கப்பூரில் எங்கள் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். வாங்க வேண்டிய பொருள்தான். எண் தப்பாக வந்தால் மிஷினைவிடக் கையில் சுற்றும் பட்டையையும் உட்காரும் விதத்தையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கடைக்குப் போகுமுன் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பெட்டியில் வரும் பட்டை பலவற்றில் 22 முதல் 32 செ.மீ. வரைதான். 35 செ.மீ. கையில் அதை இழுத்துக் கட்டினால் பிரஷர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டையைத் தனியாக வாங்குங்கள்.

காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, மாத்திரைக்கும் காப்பிக்கும் முன்னால் அளக்க வேண்டும். சோபா வேண்டாம், சாப்பாட்டு மேசை நாற்காலிதான் சரி. முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் படிய, 5 நிமிடம் சும்மா இருங்கள். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 செ.மீ. மேலே, நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். மேசை தாழ்வாக இருந்தால் கைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள். சட்டைக் கையைச் சுருட்டி ஏற்றினால் அதுவே கையை இறுக்கும், கழற்றிவிடுவதே நல்லது. காற்று ஏறும்போது பேசக் கூடாது. ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை. படுக்கும் முன்பும் இப்படியே.

நாள்பட்டால் முதலில் தேய்வது பட்டையின் ஒட்டுப்பகுதி. காற்று ஏறும்போது பிரிந்து 'எரர்' காட்டும். பட்டையை மட்டும் மாற்றினால் போதும். கணவன் மனைவி இருவரும் ஒரே மிஷினில் அளந்தால் நினைவகம் கலந்துவிடும், ஆளுக்கொரு பொத்தான் உள்ளதாக வாங்குங்கள். ஆண்டுக்கொரு முறை மிஷினை மருந்தகத்துக்கு எடுத்துப்போய் அங்குள்ளதோடு ஒப்பிடுங்கள்.

டாக்டரைப் பார்க்கும் முன் ஒரு வாரம் எல்லா எண்ணையும் எழுதுங்கள். குறைந்த எண்ணை மட்டும் பொறுக்கி எழுதுபவர்கள் நிறையப் பேர். மருந்தின் அளவு அதனால்தான் தப்பிப்போகிறது. முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுங்கள். வீட்டில் 135/85 அல்லது அதற்கு மேல் வந்தால் அதிகம். மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் சாப்பிட்ட நாளையும் குறியுங்கள், அவை பிரஷரை ஏற்றக்கூடியவை. எண் நன்றாக இருக்கிறதென்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். அது மாத்திரையால் வந்த எண்.

180/120ஐத் தாண்டினால் 5 நிமிடம் அமர்ந்து மறுபடி அளந்து பாருங்கள். குறையாவிட்டால் அன்றே டாக்டரைப் பாருங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய்க்கோணல், கை கால் தளர்ச்சி என்று எது இருந்தாலும் மறுபடி அளந்துகொண்டிருக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.