எண்ணும் எழுத்தும் பயிற்சி நூல்: தருமபுரி, கிருஷ்ணகிரி வகுப்பறைகளில் எப்படி?

தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் பயிற்சி நூலை ஆண், பெண் பிள்ளைகளுக்கு வெவ்வேறாகக் கையாள வேண்டுமா என்றால், இந்த நூலில் ஆணுக்கு ஒரு பாடம், பெண்ணுக்கு ஒரு பாடம் என்று கிடையாது. 2022-23இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் வந்த இந்த அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டம், பிள்ளைகளை அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று கற்றல் நிலையை வைத்துத்தான் பிரிக்கிறது. அதுதான் சரி. அமெரிக்க உளவியலாளர் ஜேனட் ஹைட் 2005இல் 46 தொகுப்பாய்வுகளை (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்ப்பவை) சேர்த்துப் பார்த்தபோது, கணக்கு உட்படப் பெரும்பாலான திறன்களில் ஆண், பெண் இடைவெளி மிகச் சிறியதாகவே இருந்தது.

சிக்கல் நிலையைக் கணிப்பதில் வருகிறது. பயிற்சி நூல் என்பதால் பிள்ளை எழுதியது மட்டுமே கண்ணில் படும். ஒன்றாம் வகுப்பில் பென்சில் பிடி கைகூடாத பிள்ளைகளில் பையன்கள் அதிகம். 'ஞ', 'ண', 'இ' வரும்போது சுழி சிதறி, பாதியில் பென்சிலை வைத்துவிடுவான். வாயால் கேட்டால் சரியாகச் சொல்வான். ஆனாலும் அரும்பிலேயே நிற்பான். பெண் பிள்ளைகளில் பலர் கரும்பலகையைப் பார்த்து முத்து முத்தாக எழுதி 'சரி' வாங்கிவிடுவார்கள். அதே சொல்லைத் தனியாக நீட்டினால் வாசிக்கத் தெரியாது. இதுதான் கூடுதல் ஆபத்து; நான்காம் வகுப்பு வரை யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

ஆகவே திருத்துவதற்கு முன், அந்தப் பக்கத்தின் ஐந்து சொற்களை வரிசை மாற்றி அட்டையில் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு நூலை மூடிவிட்டு அதே ஐந்தையும் சொல்வதெழுதச் செய்யுங்கள். வாசிக்கிறான், எழுத வரவில்லை என்றால் கைக்குத்தான் பயிற்சி: தட்டில் கேழ்வரகை மெல்லிசாகப் பரப்பி, ஆள்காட்டி விரலால் ஓர் எழுத்தைப் பத்து முறை எழுதட்டும். அதிகம் கொட்டினால் தானியம் சரிந்து கோட்டை மூடிவிடும். அடுத்து தடிமனான முக்கோணப் பென்சில். எழுதுகிறாள், வாசிக்க வரவில்லை என்றால் பார்த்தெழுதுவதை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு எழுத்தட்டைக்குத் திரும்புங்கள்.

கணக்குக்குப் புளியங்கொட்டையும் பத்துப் பத்தாகக் கட்டிய விளக்குமாற்றுக் குச்சியும் போதும். ஐந்து பேருக்கு ஒரு தட்டு வைத்தால் துடிப்பான பையன் கையிலேயே எல்லாம் போய்விடும், பெண் பிள்ளை விடையை எழுதுவதோடு சரி. இருவருக்கு ஒரு டப்பா, முப்பது கொட்டை, ஒரு கணக்குக்கு ஒருவர் கை என்று மாற்றுங்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர், தளி பக்கம் தெலுங்கோ கன்னடமோ பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாலினத்தைவிட வீட்டு மொழிதான் பெரிய வேறுபாடு. படத்தின் பெயரைத் தமிழில் வாயால் பழக்காமல் எழுத்தைத் தொட வேண்டாம்.

2011 கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி. பெண்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரே எழுத்தறிந்தவர்கள். படிக்காத அம்மாவும் படத்தைப் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய வாசிப்புப் பயிற்சி பக்கத்துக்கு ஒன்றாவது வேண்டும். அடுத்த பதிப்பில் முதலில் செய்ய வேண்டிய திருத்தம் அதுதான்.